ரெண்டு தபா இழுக்கணும்

ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் தெருக்காரர்கள் பேசிக்கொள்வதை வெளியூர்க்காரன் பார்த்தால் கொஞ்சம் பயந்துதான் போவான். வாய் அசையும், புருவம் ஏறும், கை காற்றில் வெட்டும். சத்தம் மட்டும் வராது. வந்தாலும் கேட்காது என்பது வேறு விஷயம். வீட்டுக்கு இரண்டு, வசதியான வீட்டில் நான்கு என்று பவர்லூம் ஓடுகிற தெரு இது. காலை ஆறு மணிக்குத் தறி கிளம்பினால் இருட்டிய பிறகும் கடகடவென்று ஒரே இரைச்சல். அதற்கு மேலே தொண்டை கிழியக் கத்துகிறவன் ஊருக்குப் புதுசு. பழகினவன் எதிராளியின் உதட்டைப் பார்ப்பான். புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட உதட்டிலேயே போட்டு முடித்துவிடுவோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்பது அதில் ஒரு வசதி. பக்கத்து வீட்டுக்காரிக்கும் உதடு படிக்கத் தெரியும் என்பது ஒரு தொல்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பாஸ்கருக்குக் காது போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்த அவன் பெண்டாட்டி கன்னிகாவுக்கே தெரியவில்லை. வேறு தெருவாக இருந்தால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

பாஸ்கருக்கு வாரத்தில் ஐந்து நாள் ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சனி, ஞாயிறு வந்தால் இடுப்பில் பம்பை மேளத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். நாகேந்திரன் பம்பைச் செட்டு என்றால் புத்தூர், நாகலாபுரம், பள்ளிப்பட்டு வரைக்கும் தெரியும். அம்மன் வர்ணிப்பு, காவடி, ஜாத்திரை எதுவானாலும் முன்வரிசைப் பம்பை பாஸ்கர்தான். போன வருஷம் யாரோ வீடியோ எடுத்துப் போட்டதில் அவன் தலையை ஆட்டிக்கொண்டு அடிப்பதை ஊரே பார்த்தது. கன்னிகாவும் பார்த்தாள். அவன் அங்கே அடித்த அன்றுதான் அவர்கள் மகள் பிரித்திகாவுக்குப் பிறந்தநாள். அவன் இல்லாமலே கேக்கை வெட்டிவிட்டு அந்த வீடியோவைப் பார்த்தாள்.

"அஞ்சி நாளு கம்பெனிக்கு, ரெண்டு நாளு அம்மனுக்கு. எங்குளுக்கு எந்த நாளு மாமா?" என்று கேட்டாள். அவள் அவனுக்குச் சொந்த அத்தை மகள். சின்ன வயசிலிருந்தே மாமாதான்.

"கரண்ட் இல்லாத நாளு," என்று சொல்லிச் சிரித்தான் பாஸ்கர்.

கடைசியில் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் எல்லாம் வெளியே வந்தது.

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் புத்தூரில் அடித்துவிட்டு விடியற்காலையில் வந்த பாஸ்கர் குளித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பம்பைக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கன்னிகா உள்ளே தறிக்கு நடுவில் நின்றாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. தெருவிலிருந்த அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றன. எங்கள் தெருவில் கரண்ட் போனால் வருகிற அமைதி காதை அடைக்கும். காக்கை கத்துவது, யாரோ மூக்கைச் சிந்துவது எல்லாம் அப்போதுதான் கேட்கும்.

கன்னிகா எட்டிப் பார்த்தாள். பிரித்திகா முக்காலி மேலே ஏறி நின்று குழம்புச் சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னிகாவுக்கும் குழந்தைக்கும் நடுவில் இரண்டு தறி. பாஸ்கருக்கும் குழந்தைக்கும் நடுவில் நான்கு எட்டு வைக்கிற தூரம்.

"மாமா! பாப்பாவப் புடி!"

பாஸ்கர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"மாமா! சட்டி சட்டி!"

அவன் முடிச்சைத் தட்டிப் பார்த்தான். கன்னிகா தறிகளுக்கு இடையில் நுழைந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள். பாதிக் குழம்பு அடுப்பு மேல் கொட்டிப் புகைந்தது. அந்தக் கருகல் வாசனைக்குத்தான் பாஸ்கர் திரும்பினான்.

"இன்னா ஆச்சி?"

அவள் பதில் சொல்வதற்கு முன்பே பிரித்திகா அம்மாவின் தோளில் இருந்தபடி சொன்னாள்: "அங்க நின்னுக்கினு கூப்ட்டா நைனாக்குக் கேக்காதும்மா. எதுத்தாப்ல வந்து சொல்லணும்."

குழந்தை இதை வெகு சாதாரணமாகச் சொன்னாள். பல்பொடி எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. பாஸ்கர் குழந்தையின் வாயைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் மகள் சொன்னது அவனுக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் அவன் சாப்பிடும்போது கன்னிகா பின்னால் நின்று ஒரு பித்தளைச் சொம்பைக் கீழே போட்டாள். அது உருண்டு சுவரில் இடித்து நின்றது. அவன் மீதிக் குழம்பைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தான். அவள் சொம்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் பின்வாசலில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

சாயங்காலம் பிரித்திகாவுக்குத் தலை வாரும்போது மெதுவாகக் கேட்டாள்.

"நைனாக்குக் கேக்காதுன்னு உனுக்கு யார்டி சொன்னது?"

"யாரும் சொல்லல. நைனா ஏதோ கேமுன்னு சொல்லுச்சி."

"இன்னா கேமு?"

"ஸ்கூலுக்குப் போறப்ப லைன் தாண்டுவோம் இல்ல, அங்க. ரயிலு வந்தா நான் நைனா கைய ரெண்டு தபா இழுக்கணும். வர்லன்னா இழுக்கக் கூடாது. கரெக்டா இழுத்தா நான் வின்னு."

கன்னிகா சீப்பைக் கீழே வைத்தாள்.

"எத்தினி நாளாடி ஆடறீங்க?"

"யு.கே.ஜி.லேர்ந்து," என்றாள் ஒண்ணாவது படிக்கிற பிரித்திகா. "நான் ஒரு தபா கூட அவுட்டு ஆவல."

எங்கள் தெருவுக்கும் பஜாருக்கும் நடுவில் ரயில் பாதை போகிறது. கேட்டைச் சுற்றிக்கொண்டு போனால் கால் மணி நேரம். அதனால் வயசான பாட்டி முதல் தறிக்கு நூல் பாவு தூக்குகிறவன் வரை எல்லோரும் குறுக்கேதான் தாண்டுவோம். தப்புதான். தப்பு என்று தெரிந்தே தலைமுறையாகத் தாண்டுகிறோம். முன்பெல்லாம் இன்ஜின் அரை மைலுக்கு அப்பாலேயே தரையை அதிரவைத்துக்கொண்டு வரும். இப்போது எல்லாம் கரண்ட் இன்ஜின். காது இருக்கிறவனுக்கே பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. ஹார்ன் ஒன்றுதான் கணக்கு.

அந்த லைனை ஒரு காது கேளாதவன் தினமும் ஆறு வயசுக் குழந்தையின் விரலை நம்பித் தாண்டிக்கொண்டிருந்தான். அந்தக் குழந்தை ஒரு நாள் எதையாவது வேடிக்கை பார்த்தால் போதும், இரண்டு பேரும் போய்விடுவார்கள். கன்னிகா அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று பிறகு சொன்னாள். கண்ணை மூடினால் குழந்தையின் ஸ்கூல் பை தண்டவாளத்தில் கிடக்கிற மாதிரியே வந்ததாம்.

திங்கட்கிழமை காலை, "நானும் வரேன், பஜார்ல வேலை கீது" என்று அவர்களோடு கிளம்பினாள். இரண்டு அடி பின்னால் நடந்தாள். ஜல்லி மேட்டில் ஏறும்போது பாஸ்கர் தானாகவே வலது கையை நீட்டினான், பிரித்திகா தானாகவே பிடித்துக்கொண்டாள். குழந்தை அரக்கோணம் பக்கம் பார்த்தாள், புத்தூர் பக்கம் பார்த்தாள். தூரத்தில் ஹார்ன் கேட்டது. கையை இரண்டு தரம் வெடுக் வெடுக்கென்று இழுத்தாள். பாஸ்கர் நின்றான். கூட்ஸ் வண்டி வந்து போகிற வரைக்கும் நின்றான். பிறகு குழந்தை முன்னால் நடக்க, அவன் பின்னால் போனான். அவர்களுக்கு அது பழகிப்போன காரியம். கன்னிகா ஜல்லியில் இரண்டு தரம் சறுக்கினாள்.

பிரித்திகாவை ஸ்கூலில் விட்ட பிறகு கம்பெனி பஸ் வருகிற இடத்தில் நின்றார்கள். லாரியும் ஆட்டோவுமாக ஒரே இரைச்சல். கன்னிகா அவனுக்கு நேர் எதிரே வந்து நின்று வாயை அசைத்தாள்.

"உனுக்குக் காது கேக்குதா மாமா?"

"இன்னா கேள்வி இது? கேக்காமயா உன்னாண்ட பேசிக்கினு கீறேன்?"

"நான் சத்தமே போடல," என்றாள் அவள், இன்னும் சத்தம் போடாமல். "வாயி மட்டுந்தான் அசைச்சேன்."

பாஸ்கர் ஒரு அடி பின்வாங்கினான். சுற்றிலும் பார்த்தான். கம்பெனி ஆட்கள் நான்கைந்து பேர் தள்ளி நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் குரலை விட்டுவிட்டு உதட்டுக்கு வந்தான். அந்தச் சண்டை முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் நடந்தது.

"யாரு சொன்னது?"

"உன் பொண்ணு. எப்பலேர்ந்து இப்டி?"

"போன வருசம் புத்தூர் ஜாத்திரைலேர்ந்து. பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ எடது காதாண்ட வச்சிட்டானுங்க. மூணு நாளு காதுல பொரி பொரிஞ்சிக்கினே இருந்துச்சி. அப்பறம் அணைஞ்சி போச்சி."

"வலது?"

"தடிக் கொரலு கொஞ்சம் வரும். ஹார்னு, பொம்பளைங்க கொரலு, கொயந்தைங்க கொரலு ஒண்ணும் வர்ல." பிறகு சொன்னான்: "பாப்பா கொரலு எப்டி இருக்கும்னே மறந்துடிச்சி கன்னிகா."

அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டாள். அழுதால் உதடு கோணும், அவனால் படிக்க முடியாது.

"டாக்டராண்ட போனியா?"

"தை மாசமே திருப்பதில காட்டுனேன். காது மிசினு வச்சிக்கோ, பம்பைய நிறுத்துன்னாரு. நிறுத்தலன்னா இருக்கறதும் பூடுமாம். மிசினோட போனா கம்பெனில வண்டி சாவிய வாங்கிக்குவானுங்க. வேற வேலை எல்லாம் அங்க காண்ட்ராக்ட்டு. வாசலத்தான் காட்டுவானுங்க."

"அப்ப பம்பையயாவது நிறுத்து."

பாஸ்கர் உள்ளங்கையை வயிற்றில் வைத்தான்.

"அது ஒண்ணுதான் எனுக்கு இப்ப நல்லா கேக்குது," என்றான். "இடுப்புல கட்டி அடிக்கிறேன் இல்ல, வயித்துல, எலும்புல கேக்குது. மத்த நேரம் பூரா எல்லாரும் வாயத் தொறந்து தொறந்து மூடறீங்க. அங்க போயி நின்னாதான் நானும் உலகத்துல கீறேன்னு இருக்குது."

கன்னிகா அவன் சட்டைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"பாப்பாவ எதுக்கு இதுல இழுத்த?"

"அவ கரெக்டா சொல்றா. ஒரு தபா கூட தப்பல."

"ஆறு வயசு மாமா! ஒரு நாளு நாய்க்குட்டியப் பாத்துக்கினு வந்தா?"

பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் அவன் சொன்னது இதுதான்: "வியாழக்கெயம கம்பெனில மெடிகல் செக்கப்பு. காதும் பாப்பானுங்க. அது வரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

அன்றிலிருந்து மூன்று நாளும் கன்னிகாவே அவனையும் குழந்தையையும் லைன் தாண்ட விட்டு வந்தாள். சாயங்காலம் அவன் திரும்புகிற நேரத்துக்கு ஜல்லி மேட்டில் போய் நின்றாள். தறி நின்றது, சேலை தாமதமானது, முதலாளியின் ஆள் வந்து முனகிவிட்டுப் போனான். அவள் காதிலேயே வாங்கவில்லை. எங்கே ஹார்ன் கேட்டாலும் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள். அவன் கம்பெனியில் இருக்கிற நேரம்தான் என்று தெரிந்தும் ஓடினாள்.

நடுவில் ஒரு நாள் நாகேந்திரனைப் பார்க்கப் போனாள். நகரி பஜாரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். சிரித்துவிட்டார்.

"எங்க செட்டுல யாருக்கும்மா நல்லா கேக்குது? எனுக்கே போன்ல பேசனா பாதிதான் வருது. உடுக்கைக்காரன் கோவர்த்தனன் கீறான் இல்ல, பொண்டாட்டி திட்டறது கேக்கலன்னு அம்மனுக்குத் தேங்கா ஒடச்சான். எல்லாரும் என் தோளப் பாத்துதாம்மா அடிக்கிறானுங்க."

கன்னிகா சிரிக்கவில்லை. "அண்ணா, கொயந்த கையப் புடிச்சிக்கினு லைன் தாண்டறாரு," என்றாள்.

நாகேந்திரனின் கை தண்ணீருக்குள் நின்றது. டியூபை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அது தெரியாதும்மா," என்றார் மெதுவாக. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சனிக்கெயம ஆடிக் கிருத்திகை. அம்பது காவடி நம்ம பம்பைக்குப் பின்னால திருத்தணிக்கு நடக்குது. முன்பம்பைக்கு வேற ஆளு இல்ல. அது ஒண்ணு முடியட்டும். அப்பறம் நானே அவனாண்ட சொல்றேன்."

எல்லோரும் இப்படித்தான் ஒரு நாளைக் காட்டினார்கள். அவன் வியாழன் என்றான், இவர் சனி என்றார். கன்னிகாவும் மனசுக்குள் வியாழனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். செக்கப்பிலேயே தெரிந்துவிடும். கம்பெனி சாவியை வாங்கிக்கொள்ளும். எல்லாம் தானாக நின்றுபோகும், தன் வாயால் புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

வியாழன் சாயங்காலம் பாஸ்கர் கை நிறையப் பூந்திப் பொட்டலத்தோடு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"படி. இன்னா போட்டுக்கீது? நார்மல்!"

கன்னிகா தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு நொடி, நிஜமாகவே காது வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தாளாம்.

"எப்டி மாமா?"

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"சின்ன ரூமு. நடுவுல கண்ணாடி. அந்தாண்ட ஒரு நர்சு பொண்ணு. ஹெட்போன மாட்டி உட்டு, சத்தம் வந்தா கையத் தூக்குன்னுச்சி. எனுக்கு ஒண்ணும் வர்ல. செத்தோம்டான்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா, அது பட்டனத் தட்டறப்ப தோளு இத்தினூண்டு அசையுது. ரெண்டு தபா பாத்தேன். புடிச்சிட்டேன். தட்டும், நாலு எண்ற நேரம் உடும், மறுபடி தட்டும். அவ்ளோதான் தாளம்! கண்ண மூடிக்கினே தூக்குனேன். நடுநடுவுல கேக்காத மாதிரி ஒண்ணு ரெண்டு உட்டுட்டேன், டவுட்டு வரக் கூடாதுன்னு."

தரையில் விரலால் தட்டிக் காட்டினான். தட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, தட்டு. பிரித்திகா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து நாலு எண்ணி முடிந்து விழுகிற தட்டுக்குச் சரியாகக் கையைத் தூக்கினாள். அப்பாவும் மகளும் சிரித்தார்கள். தாளம் துளிகூடப் பிசகவில்லை.

கன்னிகா தாளை மறுபடி பார்த்தாள். இனிமேல் யாரும் அவனைத் தடுக்கப்போவதில்லை. தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இவள் போய்ச் சொன்னால்கூட யார் நம்புவார்கள்?

"இனிமே பாப்பா உன்கூட வராது," என்றாள். "உன்ன நான்தான் தாண்ட உடுவேன். நான் வராம நீ லைனாண்ட போவக் கூடாது."

சிரிப்பு போய்விட்டது அவனுக்கு. "நான் இன்னா கண்ணு தெரியாதவனா? தெருவே சிரிக்குது, பொண்டாட்டி கையப் புடிச்சிக்கினு போறான்னு. எந்த ரயிலு எத்தினி மணிக்குன்னு எனுக்கு அத்துப்படி. எட்டு பத்து, ஒம்போது அஞ்சி, அப்பறம் பதினொண்ணே முக்கால். அதுக்கு நடுவுல ஈ காக்கா வராது."

"கூட்ஸ் வரும்."

"கூட்ஸு மெதுவா வரும். திரும்பிப் பாத்தா தெரியும்."

மறுநாளும் அவளே கூடப் போய் அவனை லைன் தாண்ட விட்டாள். வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டில் உதடுகூட அசையவில்லை.

சனிக்கிழமை கிருத்திகை. ஸ்கூல் லீவு. விடியற்காலையிலிருந்தே மஞ்சள் துணி கட்டிக்கொண்டு காவடிக்காரர்கள் பஜார் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நாகேந்திரன் செட்டு பதினொரு மணிக்குக் கிளம்பவேண்டும். கன்னிகா பாக்கி விழுந்த சேலையை முடிக்கத் தறியை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் குளித்துக் கிளம்பும்போது கூப்பிடுவான், தறியை நிறுத்திவிட்டுக் கூடப் போகலாம் என்று நினைத்திருந்தாள்.

பாஸ்கர் மஞ்சள் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு கூடத்தில் வந்து நின்றான். அவள் முதுகைப் பார்த்தான். கூப்பிட்டானோ இல்லையோ, தெரியாது. கூப்பிட்டிருந்தாலும் அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது. ஆணியில் தொங்கிய பம்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். பத்தே முக்காலுக்கு ஒரு ரயிலும் கிடையாது என்பது அவன் கணக்கு.

கன்னிகாவின் தறியில் குறுக்கே பாய்ந்து ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்தது. தறியை நிறுத்தி நாடாவை வெளியே எடுத்தாள். முழங்கை நீளத்துக்குக் கனத்த மரம், இரண்டு முனையிலும் இரும்புக் கூர். புது நூலை எடுக்கத் திரும்பியபோது கரண்ட் போனது. தெரு முழுக்க அடங்கியது. அந்த அமைதியில், புத்தூர் பக்கமிருந்து ஹார்ன் சத்தம் வந்தது. நீளமாக.

மணி பார்த்தாள். பத்தே முக்கால். இந்த நேரத்தில் ரயில் இல்லையே என்று அவளும் நினைத்தாள். அடுத்த நொடியே ஞாபகம் வந்தது. இன்று கிருத்திகை. திருத்தணிக்கு ஸ்பெஷல் விடுவார்கள். ஆணியைப் பார்த்தாள். பம்பை இல்லை.

கையிலிருந்த நாடாவைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள்.

தெருமுனைக்கு வந்தபோது ஜல்லி மேட்டில் அவன் ஏறிக்கொண்டிருந்தான். தோளில் பம்பை, இடது கையில் குச்சிகள். குழாயடியில் இருந்த செல்லியம்மா, "ஏய் பாஸ்கரு! ரயிலுடா!" என்று அலறினாள். அவன் அரக்கோணம் பக்கம் திரும்பிப் பார்த்தான். காலி. புத்தூர் பக்கத்தைப் பம்பை மறைத்தது. காலைத் தூக்கிவைத்தான்.

ஹார்ன் இப்போது விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கன்னிகாவுக்கும் அவனுக்கும் நடுவில் பதினைந்து அடி. ஓடிப் பிடிக்க நேரம் இல்லை. கூப்பிட்டு ஒரு பயனும் இல்லை. அவன் என்ன கேட்பான், எதில் கேட்பான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். கையிலிருந்த நாடாவை இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து வீசினாள்.

அது பம்பையில் போய் விழுந்தது. தோல் கிழிந்த சத்தம் ரயில் இரைச்சலுக்கு மேலே கேட்டது என்று செல்லியம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

எலும்பில் விழுந்த அந்த அடிக்குப் பாஸ்கர் திரும்பினான். பம்பையைக் கிழித்தது எவன் என்கிற கோபத்தில் மேட்டிலிருந்து இரண்டு எட்டு கீழே இறங்கினான். எதிரே பெண்டாட்டி நின்றாள். அவளைத் திட்ட வாயைத் திறந்தான். அப்போதுதான் முதுகில் காற்று அறைந்தது. வேட்டி முன்பக்கமாகப் பறந்தது. திரும்பினான். ஒரு கை தூரத்தில் பெட்டி பெட்டியாக ரயில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் நிறைய மஞ்சள் துணி, அரோகரா போடுகிற வாய்கள். அவனுக்கு வாய்கள் மட்டும்தான் தெரிந்தன.

கடைசிப் பெட்டியும் போன பிறகு அவன் ஜல்லியில் உட்கார்ந்தான். கன்னிகா பக்கத்தில் வந்து, அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"ஹார்ன் அடிச்சானா?" என்று கேட்டான்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எங்கேர்ந்து?"

"வூட்லயே கேட்டுச்சி மாமா. வுடாம அடிச்சிக்கினே வந்தான்."

அவன் பம்பையை மடியில் வைத்தான். கிழிந்த தோலுக்குள் விரலை விட்டு, வெளியே எடுத்து, மறுபடி விட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் பிரித்திகா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக அப்பாவின் வலது கையைப் பிடித்து இரண்டு தரம் வெடுக் வெடுக்கென்று இழுத்தாள்.

"ரயிலு போய்டிச்சி பாப்பா," என்றான் பாஸ்கர்.

குழந்தை அவன் எதிரே வந்து நின்று, அவனுக்குப் புரியும்படி வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்: "ரயிலு வரப்ப நான் இல்லியே நைனா. அதான் இப்ப இழுக்கறேன். நான் அவுட்டா?"

பாஸ்கர் அதைப் படித்தான். அவன் அழுது எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அன்று ஜல்லி மேட்டில், குழாயடிப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

கொஞ்ச நேரம் கழித்து இடுப்பிலிருந்து போனை எடுத்தான். சூப்பர்வைசர் சுரேஷ்பாபுவின் நம்பரைத் தேடி, கன்னிகாவிடம் நீட்டினான்.

"நீ பேசு. எனுக்குப் போனு கேக்காது."

"இன்னா சொல்லட்டும்?"

"இருக்கறத சொல்லு. குடோன்ல நான் வண்டி ஓட்றப்ப குறுக்க வந்து யாருனா கத்துனா, அங்கயும் எனுக்குச் சொல்ல ஒருத்தி நாடாவ எடுத்துக்கினு ஓடியாருவாளா?"

கன்னிகா நம்பரை அழுத்தினாள். சுரேஷ்பாபு தெலுங்குக்காரர். தறிக்கு நூல் வாங்கப் பேசுகிற தெலுங்கு அவளுக்குப் போதும். "சார், நேனு பாஸ்கர் பார்யனு," என்று, தான் பாஸ்கர் பெண்டாட்டி எனச் சொல்லி ஆரம்பித்தாள். "ஆயனக்கி செவுலு வினபடவு சார். மொன்ன டெஸ்ட்டுலோ அபத்தம் செப்பினாரு." காது கேட்காது, டெஸ்டில் பொய் சொன்னார் என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். பாஸ்கர் அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லு," என்று தலையாட்டினான். "முழுசா சொல்லு."

அவள் சொல்லி முடித்தாள். பஜாரில் நாகேந்திரன் செட்டின் பம்பைகள், முன்பம்பை இல்லாமலேயே, அடிக்க ஆரம்பித்திருந்தன. பிரித்திகா அப்பாவின் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பாஸ்கர் திரும்பவில்லை.

பிறகு சுரேஷ்பாபு பேசினார். போனைக் காதில் வைத்தபடியே கன்னிகா அவனுக்கு நேரே திரும்பி, அவர் சொல்வதைச் சத்தமில்லாமல் உதட்டில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"திங்கக்கெயம சாவியக் குடுத்துடணுமாம். வேற வேலை உண்டா இல்லியான்னு இப்ப சொல்ல முடியாதாம். முதல்ல காது மிசின வச்சிக்கினு வரச் சொல்றாரு."

பாஸ்கர் கடைசிச் சொல் வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, சரி என்று உதட்டை அசைத்தான்.